ஐரோப்பிய நட்சத்திரம் என்.பி.ஏ.வுக்குப் போனால்: லீக் பாஸ் சந்தா குறித்து ஒரு மதிப்புரை

ஆண்டுதோறும் மே மாத இறுதியில் ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கின் கோப்பை யாருக்கு என்பது முடிவானதும், ஐரோப்பியக் கூடைப்பந்து ரசிகர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இந்த ஆண்டின் நட்சத்திரம் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போவாரா, மாட்டாரா? ஜூலை மாதத்துக்குள் அதற்கு ஒப்பந்தச் செய்தியாக விடை வந்துவிடும். ஆனால் போனவர் அங்கே எத்தனை நிமிடம் ஆடினார், எந்த வேலைக்காகக் களமிறக்கப்பட்டார், ஐரோப்பாவில் அவரைப் பெரியவராக்கிய ஆட்டத்தை அங்கே ஆட முடிந்ததா என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை. ஆட்டத்தைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அமெரிக்காவுக்கு வெளியே வாழும் ரசிகருக்கு அப்படிப் பார்ப்பதற்கு உள்ள முதன்மையான வழி, என்.பி.ஏ. தானே நடத்தும் லீக் பாஸ் என்ற சந்தா ஒளிபரப்புச் சேவையாகும். இந்த மதிப்புரை அந்தச் சேவையின் எல்லாப் பயன்களையும் எடைபோடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கோ பாஸ்டன் அணிக்கோ ரசிகராக இருப்பவர்களுக்கு வேறு மதிப்புரைகள் ஏராளமாக உண்டு. ஐரோப்பிய வீரர் ஒருவரைப் பின்தொடர்ந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டும் ரசிகருக்கு இந்தச் சந்தா எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சேவை தருவது இவ்வளவு: அணிக்கு 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தின் நேரலைகள், முழு ஆட்டத்தின் பதிவுகள், ஏறக்குறைய பத்து நிமிடத்தில் ஆட்டத்தைச் சொல்லும் சுருக்கப் பதிவுகள், சொந்த ஊர் அணியின் வர்ணனையையோ விருந்தினர் அணியின் வர்ணனையையோ தேர்ந்துகொள்ளும் வசதி, ஆட்டம் ஓடும்போதே பக்கத்தில் திறந்து பார்க்கக்கூடிய புள்ளி அட்டவணை. முடிவைத் தெரிந்துகொள்ளாமல் பதிவைப் பார்க்க விரும்புவோருக்காக, புள்ளிகளை மறைத்துவைக்கும் தெரிவு ஒன்றும் செயலியில் இருக்கிறது. வேலைக்குப் போகும் எவருக்கும் இந்த ஒரு தெரிவு மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து. அமெரிக்காவுக்குள் வசிக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உள்ளூர் அணியின் ஆட்டங்களும் தேசியத் தொலைக்காட்சிக்குரிய ஆட்டங்களும் இந்தச் சந்தாவில் நேரலையாகக் கிடைப்பதில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்த ஐரோப்பிய வீரர் உங்கள் ஊர் அணிக்கே வந்து சேர்ந்தால், அவரை நேரலையில் பார்க்க லீக் பாஸ் உதவாது.

சேவையின் உண்மையான பெறுமதியை உணர்த்தும் ஒரு வீரரின் கதையை விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. சாஷா வெசென்கோவ் சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் 1995இல் பிறந்த பல்கேரியர். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுக நகரைச் சேர்ந்த ஒலிம்பியாகோஸ் அணிக்காக 2022–23 பருவத்தில் யூரோலீக்கில் சராசரியாக 17.6 புள்ளிகள் எடுத்து, அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 2017இல் 57ஆவது தெரிவாக, அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையை புரூக்ளின் அணி பெற்றிருந்தது. அந்த உரிமை கைமாறி, 2022இல் சேக்ரமென்டோ கிங்ஸிடம் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், ரியல் மட்ரீடிடம் 79–78 என்ற கணக்கில் ஒரே புள்ளியில் ஒலிம்பியாகோஸ் தோற்றது. கடைசி விநாடிகளில் வெற்றிக் கூடையைப் போட்டவர் செர்ஹியோ யூல். அதே யூல், ஹியூஸ்டன் அணியிடம் தன் உரிமை இருந்தும், 2015 ஜூலையில் அமெரிக்கா செல்ல மறுத்து, மட்ரீடுடனேயே 2021 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டவர். போகாதவர் கோப்பையை வென்ற அந்த இரவுக்குச் சில வாரங்களுக்குப் பின், தோற்றவர் சேக்ரமென்டோவுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த 2023–24 பருவத்தின் சேக்ரமென்டோ ஆட்டங்களை முழுமையாகப் பார்த்தவர்கள், புள்ளி அட்டவணை சொல்லாத பலவற்றைப் பார்த்திருப்பார்கள். ஒலிம்பியாகோஸில் வெசென்கோவின் ஆட்டம் பந்து கையில் இல்லாதபோதுதான் தொடங்கும். பயிற்சியாளர் யோர்கோஸ் பார்ட்சோகாஸ் அமைத்திருந்த தாக்குதலில் ஐந்து பேரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருப்பார்கள். வெசென்கோவ் ஒரு ஸ்கிரீன் வைப்பதுபோல் (சக வீரருக்காக எதிராளியின் வழியை உடலால் மறிப்பதுபோல்) வந்து, வைக்காமலேயே நழுவிக் கூடையை நோக்கி ஓடுவார். அவரைக் காக்கும் எதிராளி ஒரு கணம் பந்தைத் திரும்பிப் பார்த்தால் போதும், கடைக்கோட்டை ஒட்டிப் பின்வழியாக வெட்டி நுழைந்துவிடுவார். தோமஸ் வாக்கப்போ கோஸ்டாஸ் ஸ்லூகாஸோ அந்த நுழைவை எதிர்பார்த்துப் பந்தை முன்கூட்டியே விட்டிருப்பார்கள். அதிகம் துள்ளாமல், அதிகம் தட்டாமல், இரண்டு அடியில் முடித்துவிடும் அந்த ஆட்டத்துக்கு, அவருடைய நகர்வை அறிந்த நான்கு பேர் கூடவே தேவைப்பட்டார்கள்.

சேக்ரமென்டோவில் நிலைமை வேறு. அங்கே தாக்குதல் முழுவதும் டொமன்டாஸ் சபோனிஸைச் சுற்றி இயங்கியது. அவர் உயரே பந்துடன் நிற்க, எறிபவர்கள் அவரைச் சுற்றி ஓடி வந்து கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார்கள். வேகமாக உள்ளே பாய்வது டி'ஆரன் ஃபாக்ஸின் வேலை. வெசென்கோவ் ஆடக்கூடிய ஃபார்வர்டு இடத்தில் கீகன் மரேயும் ஹாரிசன் பார்ன்ஸும் ஏற்கெனவே தொடக்க ஐவரில் இருந்தார்கள். பெஞ்சிலிருந்து வந்த வெசென்கோவுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஆடுகளத்தின் மூலை. அங்கே நின்று, பந்து வந்தால் எறிய வேண்டும், வராவிட்டால் நிற்க வேண்டும். மூலை என்பதற்கும் காரணம் உண்டு. என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு வளைவில் 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது, ஐரோப்பாவில் அது 6.75 மீட்டர். மூலையிலோ 6.70, 6.60 என்று வேறுபாடு பத்து சென்டிமீட்டர்தான். ஐரோப்பாவிலிருந்து வரும் எறிவாளரின் கை உடனே பழகக்கூடிய இடம் அது. அவர் கையும் பழகியது, மூன்று புள்ளி எறிதல்களில் 37.5 விழுக்காட்டைக் கூடையில் போட்டார். ஆனால் 42 ஆட்டங்களில் சராசரியாக 12 நிமிடங்கள் மட்டுமே ஆடி, 5.4 புள்ளிகள் எடுத்தார். இடையில் காயங்களும் வந்தன.

இந்தச் சராசரியை எந்த இணையதளமும் இலவசமாகத் தரும். அந்த 12 நிமிடம் ஏன் 20 நிமிடமாகவில்லை என்பதற்கான விடை முழுப் பதிவில்தான் கிடைக்கும். தாக்குதலைவிடத் தற்காப்பே இங்கே பெரிய காரணம் என்பது, ஆட்டங்களைப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு. என்.பி.ஏ.வில் தற்காப்பவர் எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காமல் கூடையடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஐரோப்பிய விதிகளில் அந்தத் தடை இல்லை. அதனால் ஐரோப்பாவில் மெதுவான ஃபார்வர்டு ஒருவர் தன் ஆளிடம் தோற்றாலும், பின்னால் பெரிய ஆள் ஒருவர் கூடையை மறைத்து நிற்பார். அமெரிக்காவில் அந்த இடம் திறந்து கிடக்கும். எதிரணியின் வேகமான கார்டு (பந்தைக் கொண்டுசெல்பவர்), வெசென்கோவ் காக்கும் வீரரை ஸ்கிரீன் வைக்க வேண்டுமென்றே மேலே அழைப்பார். காவல் கைமாறியதும் அவருக்கு முன்னால் வெசென்கோவ் தனியாக நிற்க நேரும். ஓர் ஆட்டத்தில் இது இரண்டு மூன்று முறை நடந்ததும் மாற்று வீரர் எழுந்து மேலாடையைக் கழற்றுவதைத் திரையின் ஓரத்தில் காணலாம். இதைக் கண்ணால் பார்த்தபின், அடுத்த கோடையில் எந்தப் பெயர் அடிபட்டாலும், அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதற்கு முன், அவர் யாரைக் காத்தார் என்று தேடும் பழக்கம் வந்துவிடுகிறது. லீக் பாஸ் எனக்குத் தந்ததில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

2024 கோடையில் வெசென்கோவ் டொரன்டோவுக்கு மாற்றப்பட்டார். அந்த அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமல் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, ஒலிம்பியாகோஸுக்கே திரும்பினார். அவர் தோற்றுத் திரும்பினார் என்று எழுதியவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. திரும்பியதும் அவர் மீண்டும் அந்த அணியின் முதன்மைப் புள்ளியாளராகவே ஆடினார். எறியும் கை மாறவில்லை, சுற்றி நின்றவர்களும் விதிகளும்தான் மாறியிருந்தன.

இனி, சேவையின் மிகவும் விளம்பரப்படுத்தப்படும் அங்கமான பத்து நிமிடச் சுருக்கப் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வீரரைப் பின்தொடர்பவர் இதை நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சுருக்கப் பதிவில் பெரும்பாலும் கூடை விழுந்த காட்சிகளே இருக்கும். ஒவ்வொரு காட்சியும் பந்து எறியப்படுவதற்குச் சற்று முன்னர்தான் தொடங்கும். ஐரோப்பாவில் பயின்ற வீரரின் திறமையோ பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கடைசிப் பாஸுக்கு முந்திய பாஸ், சக வீரருக்காக வழிவிட்டு விலகுதல், சரியான கோணத்தில் உடலை நிறுத்துதல் ஆகியவை வெட்டுப்படுகின்றன. வெசென்கோவ் போன்ற ஒருவர் 14 நிமிடம் ஆடி இரண்டு கூடைகள் போட்ட ஓர் ஆட்டத்தில், சுருக்கப் பதிவு அவரைச் சில விநாடிகளே காட்டும். அவர் பெஞ்சுக்குத் திரும்பிய காரணத்தைக் காட்டவே காட்டாது. நேரம் குறைவாக உள்ளவர்கள் முழுப் பதிவைத் திறந்து, இரண்டாம் காற்பகுதியின் தொடக்கத்துக்கு நேராகச் செல்வது நல்லது. பெஞ்ச் வீரர்கள் பெரும்பாலும் முதல் காற்பகுதியின் முடிவிலும் இரண்டாவதன் தொடக்கத்திலும்தான் களத்தில் இருப்பார்கள்.

இதற்குத் துணையாக, சந்தா எதுவும் இல்லாமலே பார்க்கக்கூடிய என்.பி.ஏ.வின் புள்ளிவிவரத் தளத்தைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன். அங்கே ஒரு வீரரின் ஆட்ட அட்டவணையில் உள்ள எண்ணை அழுத்தினால், அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள காட்சிகள் ஒவ்வொன்றாக ஓடும். ஏழு எறிதல்கள் என்றால் ஏழு காட்சிகள், தவறியவையும் அதில் அடங்கும். எறிந்த இடங்களைக் காட்டும் வரைபடமும் உண்டு. வெசென்கோவின் சேக்ரமென்டோ வரைபடத்தில் மூன்று புள்ளிக் கோட்டை ஒட்டிக் குவிந்திருக்கும் குறிகளைப் பார்த்தால், நான் மேலே எழுதியது ஒரே பார்வையில் விளங்கும். முழு ஆட்டத்தைப் பார்க்கச் சந்தாவையும், எதைப் பார்க்க வேண்டும் என்று கண்டுகொள்ள இந்தத் தளத்தையும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சந்தா வகைகளில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவைப்படுகிறது. எல்லா அணிகளுக்குமான சந்தாவைத் தவிர, ஒரே அணியின் ஆட்டங்களுக்கு மட்டுமான மலிவான சந்தாவும் விற்கப்படுகிறது. எந்த நாட்டில் எந்த வகை கிடைக்கும் என்பது மாறக்கூடும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வீரருக்காகச் சந்தா எடுப்பவருக்கு ஓர் அணி போதும் என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்தச் சந்தா அணிக்குரியது, வீரருக்குரியது அன்று. வசிலியே மிசிச் இதற்கு நல்ல சான்று. இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ் அணியை 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் யூரோலீக் கோப்பைக்கு அழைத்துச் சென்று, இரண்டு இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த வீரராகத் தேர்வான செர்பிய பாயின்ட் கார்டு அவர். 2014 டிராஃப்டில் 52ஆவதாகத் தெரிவானவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023இல்தான் ஓக்லஹோமா சிட்டி அணிக்குப் போனார். அடுத்த பிப்ரவரியிலேயே ஷார்லட்டுக்கு மாற்றப்பட்டார். ஓக்லஹோமாவுக்கு மட்டும் பணம் கட்டியவர்களின் கையில் பருவத்தின் இரண்டாம் பாதியில் மிசிச் இல்லாத அணியே மிஞ்சியிருக்கும்.

எல்லா அணிகளுக்குமான சந்தாவை வைத்திருந்தவர்களுக்கு அதே மாற்றம் ஓர் அரிய பாடத்தைக் கொடுத்தது. 2023–24இல் 57 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த ஓக்லஹோமாவில், ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் பந்தை வைத்திருந்ததால், மிசிச்சுக்கு வேலையே குறைவு. பெஞ்சிலிருந்து வந்து பந்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. 21 ஆட்டங்களை மட்டுமே வென்ற ஷார்லட்டில் லமெலோ பால் காயத்தால் விலகியிருந்தார், பந்து மிசிச்சிடம் வந்தது. சராசரியாகப் பத்துப் புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஸ்கிரீனுக்குப் பின்னால் தயங்குவதுபோல் வேகத்தைக் குறைத்து, பெரிய ஆள் முன்வந்ததும் அவர் தலைக்கு மேலே மிதக்கவிடும் அந்தப் பழைய எறிதல், இஸ்தான்புல்லில் பார்த்ததைப் போலவே ஷார்லட்டிலும் விழுந்தது. ஒரே வீரர், ஒரே பருவம், இரண்டு அணிகள். இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வகைசெய்யும் பதிவுக் களஞ்சியத்துக்காகவே முழுச் சந்தா எடுக்கலாம் என்பேன். இருந்தும் மிசிச் 2025 கோடையில் ஐரோப்பாவுக்கே திரும்பினார். வெல்லும் அணியில் நிமிடம் இல்லை, நிமிடம் கிடைத்த அணியில் வெற்றி இல்லை. முப்பதை நெருங்கிய நட்சத்திரத்துக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டில் ஒன்றுதான்.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் இதே சந்தாவில் பார்க்கலாம். பிரான்சின் கெர்ஷோன் யாபுசெலே பாஸ்டனில் முதல் முறை நிலைக்காமல் ஐரோப்பா திரும்பி, ரியல் மட்ரீடில் வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்க நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸுக்கு மேலே எழும்பி அவர் பந்தைக் கூடைக்குள் அறைந்த டங்க்கை உலகமே பார்த்தது. அதே மாதம், மட்ரீடுக்கான விலகல் தொகையில் (ஒப்பந்தத்தை இடையில் விட்டுச் செல்லக் கிளப்புக்குக் கட்டும் பணத்தில்) பெரும்பகுதியைத் தானே ஏற்று, குறைந்தபட்ச ஊதியத்தில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஃபிலடெல்ஃபியா போனார். அங்கே ஜோயல் எம்பீட் பருவத்தின் பெரும்பகுதி காயத்தால் ஆடவில்லை. யாபுசெலே 70 ஆட்டங்கள் ஆடி, சராசரியாக 11 புள்ளிகள் எடுத்தார். அடுத்த கோடையில் நியூயார்க் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவருடைய ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கனத்த உடலுடன், கூடையடியைக் காக்கும் சென்டர் இடத்திலும் நிற்கக்கூடியவர், வெளியிலிருந்தும் எறிபவர், பந்து வேண்டும் என்று கேட்காதவர். அணி எதைக் கேட்டதோ அதை அவரால் முதல் நாளிலிருந்தே கொடுக்க முடிந்தது. நட்சத்திரமாகவே போக முடிந்தவர் என்றால் லூக்கா டோன்சிச் மட்டுமே என் நினைவுக்கு முதலில் வருகிறார். 2018இல் 19 வயதில் யூரோலீக்கின் சிறந்த வீரராகி, அதே கோடையில் டாலஸுக்குப் போனவர். அந்த வயதில் போனவருக்காக அணி தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. 28 வயதில் போகிறவர் அணிக்காகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2006இல் ஹியூஸ்டனுக்குப் போய் ஒரே பருவத்தில் திரும்பி, பிறகு ஒலிம்பியாகோஸுக்கு 2012, 2013 யூரோலீக் கோப்பைகளை வென்றுகொடுத்த வசிலிஸ் ஸ்பனூலிஸும், உரிமை சேக்ரமென்டோவிடம் இருந்தும் கடைசிவரை போகாமலேயே இருந்து, பின்னாளில் யூரோலீக்கின் தலைவரான தெயான் போதிரோகாவும் இந்தக் கணக்கை அவரவர் வழியில் போட்டவர்களே.

லீக் பாஸால் காட்ட முடியாத ஒரு பகுதியும் இந்தக் கேள்விக்கு இருக்கிறது. போவதா வேண்டாமா என்ற முடிவு ஆடுகளத்தில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. ஐரோப்பிய ஒப்பந்தங்களில் பேசப்படும் தொகை வழக்கமாக வரி போகக் கைக்கு வருவது, வரியைக் கிளப்பே கட்டிவிடும். என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் சொல்லப்படும் தொகையிலிருந்தே வரியும் முகவர் கட்டணமும் கழியும். ஆகவே பத்திரிகையில் வரும் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஐரோப்பியக் கிளப்புக்குக் கட்ட வேண்டிய விலகல் தொகையில், அணியின் மொத்த ஊதியத்துக்கு உள்ள உச்சவரம்பில் சேராமல் என்.பி.ஏ. அணி கொடுக்கக்கூடியது பத்து லட்சம் டாலருக்கும் குறைவுதான். மீதி வீரரின் பொறுப்பாகிறது. பல ஒப்பந்தங்களில் ஜூலையில் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் மட்டுமே என்.பி.ஏ.வுக்காக விலகலாம் என்ற பிரிவும் எழுதப்பட்டிருக்கும். டிராஃப்டில் தெரிவாகாமல் வயது கடந்தவர் எந்த அணியுடனும் பேசலாம். தெரிவானவரோ, எத்தனை ஆண்டு ஆனாலும், தன் உரிமையை வைத்திருக்கும் ஒரே அணியுடன்தான் பேச முடியும். அந்த அணியில் தன் இடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தாலும் அவருக்கு வேறு வழியில்லை. வெசென்கோவுக்கு நேர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. இவ்வளவையும் விளக்கிச் சொல்லும் நிகழ்ச்சி எதையும் லீக் பாஸ் வர்ணனையில் எதிர்பார்க்க வேண்டாம். அணிகளின் உள்ளூர் வர்ணனையாளர்கள் தம் அணியின் கதையைச் சொல்பவர்கள். புதிதாக வந்த ஐரோப்பியர் ஐரோப்பாவில் என்னவாக இருந்தார் என்று அறிந்து பேசுபவர்கள் குறைவு. இதை ஒரு குறையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யூரோலீக்கின் சிறந்த வீரர் களமிறங்கும்போது அவரை முப்பது வயதை எட்டும் புதுமுகம் என்று அறிமுகப்படுத்துவது அவருக்கும் அவர் வந்த ஆட்டத்துக்கும் நியாயம் செய்வதாகாது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து பார்ப்போருக்கு நேரம் ஒரு முக்கியமான செய்தி. கிரேக்கத்தில் இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு கடந்து 12:45. அதே வீரர் அமெரிக்காவின் கிழக்குக் கரை அணிக்குப் போனால், அங்கே மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை 6 மணி. மேற்குக் கரையில் ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்குக் காலை எட்டரை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்க்க முடிகிறது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது, ஆனால் மேற்குக் கரை ஆட்டங்கள் வேலை நேரத்தில் விழுகின்றன. புள்ளிகளை மறைக்கும் தெரிவின் அருமை அப்போதுதான் தெரியும்.

யூரோலீக்குக்குத் தனியே ஓர் ஒளிபரப்புச் சேவை இருக்கிறது. போவாரா என்ற கேள்வியில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால், வீரர் போவதற்கு முன் அதையும் போன பின் லீக் பாஸையும் வாங்குவதே முறை. அமெரிக்கச் சந்தாவை மட்டும் வைத்திருப்பவர், வந்து சேர்ந்தவர் மூலையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, இவருக்கு இவ்வளவுதான் தெரியும் என்று எண்ணிவிடுவார். ஐரோப்பாவில் அவரைப் பார்த்திருந்தால்தான், மூலையில் நிறுத்தப்பட்டதால் எது வீணானது என்று தெரியும். 2025 யூரோலீக் இறுதிச் சுற்று அபுதாபியில் நடந்தபோது துருக்கியின் ஃபெனர்பாச்சேயைக் கோப்பைக்கு அழைத்துச் சென்று, அங்கே சிறந்த வீரராகத் தேர்வான நைஜல் ஹேய்ஸ்-டேவிஸ், அமெரிக்கராக இருந்தும் ஐரோப்பாவில்தான் நட்சத்திரமானவர். யூரோலீக்கில் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தவர். அந்த ஆண்டு ஜூலையிலேயே ஃபீனிக்ஸ் அணியுடன் கையெழுத்திட்டார். அவரை இரண்டு சேவைகளிலும் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பயணத்தின் முழு அளவு விளங்கியிருக்கும்.

இளையவர்களின் வழி இப்போது வேறாகிவருகிறது. ரியல் மட்ரீடில் வளர்ந்த எகோர் டியோமின் 2024இல் நேராக அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துக்குப் போய், அடுத்த ஆண்டே டிராஃப்டில் எட்டாவதாகத் தெரிவானார். கல்லூரிகளே பெரும்பணம் கொடுக்கத் தொடங்கியபின், யூரோலீக்கில் முதிர்ந்து பிறகு போவது என்ற பழைய பாதையில் நடப்பவர்கள் குறைவார்கள் என்றே தோன்றுகிறது. இன்னொரு பக்கம், ஐரோப்பாவிலேயே புதிய லீக் ஒன்றைத் தொடங்கும் திட்டத்தை என்.பி.ஏ.வும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவும் 2025 மார்ச்சில் சேர்ந்து அறிவித்தன. அது நடந்தால் அதன் ஆட்டங்களும் இதே செயலிக்குள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்லலாம். ஜூலையில் ஒப்பந்தச் செய்தி வந்ததும் முழுப் பருவத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் புதியவருக்குப் பயிற்சியாளர் தரும் நிமிடங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறி இறங்கும், அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. டிசம்பர் இறுதிக்குள் அவர் இடம் ஓரளவு உறுதியாகிவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு முடியும். பருவம் நகர நகரச் சந்தாவின் விலையும் குறைவது வழக்கம். கெடு முடிந்த வாரத்தில் எல்லா அணிகளுக்குமான சந்தாவை எடுத்தால், அவர் இருக்கப்போகும் அணி எது என்பது தெரிந்திருக்கும், அதற்கு முந்திய மாதங்களின் முழுப் பதிவுகளும் களஞ்சியத்தில் காத்திருக்கும். நவம்பர் ஆட்டம் ஒன்றையும் பிப்ரவரி ஆட்டம் ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் அவர் களமிறங்கும் முதல் ஐந்து நிமிடங்களை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். பந்து அவரிடம் எத்தனை முறை வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால், அடுத்த கோடையில் அவர் தங்குவாரா திரும்புவாரா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.